குக்கர் கம்பெனியின் ஆண்டறிக்கை

சின்ன காஞ்சிபுரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நான் கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றும் வேலை பார்க்கிறேன். பி.காம். முடித்த கையோடு சேர்ந்த வேலை. கல்யாணம், பிரசவம் என்று நடுவில் விட்டுவிட்டு, மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மறுபடி அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். பில்லும் வவுச்சரும் பாங்கு ஸ்டேட்மென்ட்டும் கட்டுக்கட்டாக வரும். ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போவேன். வருடக் கடைசியில் லாப நட்டக் கணக்கும், சொத்து எவ்வளவு கடன் எவ்வளவு என்று காட்டும் இருப்புநிலைக் குறிப்பும் பிரிண்டரில் வந்து விழும். ஆடிட்டர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். அதோடு என் வேலை முடிந்தது.

ஒரு நாள் ஆடிட்டர் சென்னைக்குப் போயிருந்தார். ஹாலோ பிளாக் செய்து விற்கும் ஒருவர் தன் கணக்கை வாங்கிப் போக வந்தார். நீளக் கை சட்டையில் சிமென்ட் தூசு. நான் காகிதங்களை உறையில் போட்டுக் கொடுத்தேன். அவர் உறையைப் பிரித்து, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"இன்னாமா, நம்ம கம்பெனி நல்லா இருக்குதா?"

"லாபம் காட்டியிருக்குதுண்ணா" என்றேன்.

"லாபம் காட்டுது, அது எனக்கும் தெரியுது. நல்லா இருக்குதான்னு கேட்டேன். இன்னொரு மெஷின் போடலாமா, வேணாமா? நீதானே எல்லாத்தையும் ஏத்தன, உனக்குத் தெரிஞ்சிருக்குமே."

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே எனக்குத் தெரியும் என்று நம்பிக் கேட்டார். அந்தத் தாளில் இருந்த ஒவ்வோர் எண்ணும் என் விரல் வழியாகப் போனதுதான். ஆனால் எல்லாம் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று கேட்டால் எனக்கு ஒரு வாக்கியம்கூட வரவில்லை. "ஆடிட்டர் சார் வந்ததும் கேட்டு சொல்றேண்ணா" என்று அனுப்பி வைத்தேன். அந்த வருடமே அவர் வேறு ஆடிட்டரிடம் போய்விட்டார். அவருக்குப் பதில் சொல்லும் சந்தர்ப்பம் கடைசிவரை எனக்குக் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் என் ஊரான தாமலுக்கு பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். காஞ்சிபுரத்தில் இருக்கும் கல்லூரி ஒன்றில் பல்கலைக்கழகத்தின் எம்.காம். வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பது எனக்குத் தெரியும். அலுவலகத்துக்கு எதிரிலேயே அதற்கான போஸ்டர் ஒட்டியிருந்தது. வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் கார் உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். வாரத்தில் அவருக்கும் எனக்கும் சேர்ந்தாற்போல் கிடைக்கும் ஒரே நாள் ஞாயிறு.

"ரெண்டு வருஷம் ஞாயித்துக்கிழம பூரா போயிடும்பா" என்றேன்.

"போவட்டும். சமையல் நான் பாத்துக்கறேன். கறி மட்டும் எப்பிடி செய்யறதுன்னு எழுதி வெச்சிட்டுப் போ."

"எழுதி வெச்சாலும் உனக்கு வராது."

"நீ பாஸ் பண்றதுக்குள்ள எனக்கு வந்துரும்" என்றார். சொன்னபடியே வந்துவிட்டது. இப்போது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு அவருடையதுதான்.

என் அப்பாவும் அம்மாவும் தாமல் ஏரிப் பாசனத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். நட்டதும் அறுத்ததும் எல்லாம் அடுத்தவர் நிலம். அவர்கள் என்னை பி.காம். வரை படிக்க வைத்ததே எங்கள் தெருவில் அப்போது பெரிய பேச்சு. அதற்கு மேலேயும் ஒரு படிப்பு இருக்கிறது, முப்பத்தேழு வயதில் நான் அதைப் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா எத்தனை வருஷப் படிப்பு என்று கேட்டாள். பிறகு "வயித்துக்கு ஒழுங்கா சாப்ட்டுட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள்.

முதல் வருடப் பாடங்களை எப்படியோ தாண்டிவிட்டேன். இரண்டாம் வருடத்தில் வந்ததுதான் நிதிநிலை அறிக்கைப் பகுப்பாய்வு, அதாவது கணக்கைப் பார்த்துக் கம்பெனியின் நிலையைச் சொல்லும் பாடம். நான் சேர்ந்ததே இந்தப் பாடத்துக்காகத்தான். முந்தைய வருடத்து மாணவர்கள் இதைச் சொல்லித்தான் எங்களைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

முதல் வகுப்பன்று ஜீன்ஸும் குர்தாவும் போட்ட ஒரு பெண் உள்ளே வந்தாள். தோளில் பை. புதிதாகச் சேர்ந்த மாணவி என்று நினைத்து, பக்கத்தில் இடம் இருக்கிறது என்று பெஞ்சைத் தட்டிக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே நேராக மேடைக்குப் போய் பையை மேசைமேல் வைத்தாள். அவர்தான் ஆசிரியை. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

அவர் பாடத்தைத் தொடங்கவில்லை. ஆளுக்கு மூன்று தாள் கொடுத்தார். மூன்றிலும் மூன்று கம்பெனிகளின் இருப்புநிலைக் குறிப்பு. கம்பெனிப் பெயர் இல்லை. தொகையும் இல்லை. மொத்தச் சொத்தை நூறு என்று வைத்து, அதில் எது எவ்வளவு என்று மட்டும் போட்டிருந்தது.

"இவங்க என்ன தொழில் செய்யறாங்கன்னு சொல்லுங்க" என்றார்.

வகுப்பே விழித்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர் கையைத் தூக்கினார். அவர் ஒரு பாங்கில் அதிகாரி, பதவி உயர்வுக்காகப் படிக்க வந்தவர். முதல் நாள் என்னிடம் "நீங்க எந்த பாங்க்?" என்று கேட்டு, நான் என் வேலையைச் சொன்னதும் "ஓ" என்று நிறுத்திக்கொண்டவர். முதல் தாளில் சொத்தெல்லாம் இயந்திரமும் கட்டடமுமாக இருக்கிறது, எனவே மின்சார நிலையம் என்றார். சரி. இரண்டாவதில் சரக்கே இல்லை, இயந்திரமும் இல்லை, எனவே மென்பொருள் கம்பெனி என்றார். அதுவும் சரி. மூன்றாவதில் அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் இருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"மேடம், பாதிக்கு மேல சரக்குதான் இருக்குது. மெஷினே காணோம். புடவைக் கடை!"

வகுப்பு சிரித்தது. ஆசிரியையும் சிரித்தார். "நகைக்கடை. ஆனா காஞ்சிபுரத்துல புடவைக் கடைன்னாலும் மார்க் குடுப்பேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் நான் எத்தனை இருப்புநிலைக் குறிப்பு அடித்திருப்பேன். அவற்றுக்கு ஒரு முகம் இருக்கிறது, பார்த்தால் அடையாளம் தெரியும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை. இதைக் கற்காமல் விடமாட்டேன் என்று அன்றுதான் எனக்குள் ஒரு பிடிவாதம் வந்தது.

பிடிவாதம் வந்தால் மட்டும் போதாதே. முதல் தேர்வில் எனக்குக் கிடைத்தது வகுப்பிலேயே மோசமான மதிப்பெண்களில் ஒன்று. எல்லா விகிதத்தையும் சரியாகத்தான் கணக்கிட்டிருந்தேன். ஒரு விடைகூடத் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் ஆசிரியை சிவப்பு மையில் "அதனால் என்ன?" என்று எழுதியிருந்தார். தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"மேடம், கணக்கு சரியாத்தானே இருக்குது?"

"கணக்கு சரிதான் அக்கா. நடப்பு விகிதம் ரெண்டு, அதாவது சீக்கிரம் காசாகக் கூடியது சீக்கிரம் கட்ட வேண்டிய கடனுக்கு ரெண்டு மடங்குன்னு எழுதியிருக்கீங்க. அதனால என்ன?"

"ரெண்டு இருந்தா நல்லதுன்னு புக்குல போட்டிருக்குது."

"எல்லாருக்குமா? பால் விக்கிறவருக்கு சாயந்தரத்துக்குள்ள சரக்கு தீந்துடும், காசு கைக்கு வந்துடும். பட்டு விக்கிறவர் முகூர்த்த மாசத்துக்காகக் காத்துக்கினு இருக்கணும். ரெண்டு பேருக்கும் அதே ரெண்டா?"

நான் மறுபடி தாளைப் பார்த்தேன். "விகிதம் போடறது கால்குலேட்டர் செய்யும். அது என்ன சொல்லுதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். அவர் கடுமையாகப் பேசவில்லை. ஆனாலும் வலித்தது. ஹாலோ பிளாக் காரருக்குச் சொல்ல முடியாமல் போனது எதுவோ அதேதான் இங்கேயும் எனக்குக் கிடைக்காமல் நின்றது.

அந்தப் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு பாதி, செமினார் பாதி. பங்குச் சந்தையில் இருக்கும் ஏதாவது ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்து, சில வருடக் கணக்கை ஒப்பிட்டு, பல்கலைக்கழகத்திலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் பேச வேண்டும். மற்றவர்கள் கார், சிமென்ட், பெயின்ட் என்று பெரிய கம்பெனிகளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் எதை எடுப்பது என்று வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தபோது, என் கணவர் அடுப்பிலிருந்து குக்கரை இறக்கிக்கொண்டே "இந்தக் கம்பெனியப் பாரேன்" என்றார். பார்த்தால், அது பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிதான்.

அறிக்கையை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டேன். கையில் கனத்தது. எல்லாம் ஆங்கிலம். எனக்குக் கணக்கு ஆங்கிலம் தெரியும், ஆனால் பத்தி பத்தியாக எழுதியிருப்பதைப் படித்துப் புரிந்துகொள்வது கஷ்டம். புடவைக் கடை என்று சொன்ன அந்தப் பெண்ணுக்கு நல்ல ஆங்கிலம். ஆனால் பற்று எது வரவு எது என்பதில் அவள் தடுமாறுவாள். "அக்கா, நீங்க எனக்கு ஜர்னல் சொல்லிக் குடுங்க, நான் உங்களுக்கு இதப் படிச்சு சொல்றேன்" என்று அவளே கேட்டாள். பிள்ளையார்பாளையத்தில் அவள் வீடு. அவள் அப்பா அங்கேயே தறி நெய்கிறவர். அலுவலகம் விட்டதும் வாரத்தில் ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போய்விட்டு, பிறகு தாமல் பஸ் ஏறுவேன். தறிக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்காருவோம். முதல் நாள் அவள் அப்பா தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்திவிட்டு என் மடியில் இருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா அது, இவ்ளோ தடியா?"

"குக்கர் கம்பெனி கணக்குண்ணா."

"ஒரு குக்கர் விக்கிறதுக்கா இவ்ளோ எழுதி வெச்சிருக்கான்?" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினார்.

சில வாரங்களில் எனக்கு ஒன்று கிடைத்தது. கம்பெனியின் விற்பனை கொஞ்சமாகத்தான் வளர்ந்திருந்தது. ஆனால் கடைக்காரர்களிடமிருந்து அதற்கு வரவேண்டிய பாக்கி ஏகத்துக்கும் ஏறியிருந்தது. சரக்கைத் தள்ளிவிட்டு விற்பனை என்று காட்டுகிறார்கள், காசு வரவில்லை! எனக்குத் தலைகால் புரியவில்லை. கணவரிடம் சொன்னேன். ஆடிட்டரிடம்கூடச் சொன்னேன். அவர் ஃபைலிலிருந்து கண்ணை எடுக்காமல் "நல்லா செக் பண்ணிக்கோமா" என்றார். நான் அந்த உற்சாகத்திலேயே முழு செமினாரையும் எழுதி முடித்து ஆசிரியையிடம் கொடுத்தேன்.

அவர் வகுப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். "அக்கா, விற்பனைய எந்தப் பக்கத்துலேருந்து எடுத்தீங்க?"

காட்டினேன்.

"பாக்கிய?"

அதையும் காட்டினேன். காட்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பெரிய கம்பெனிகள் ஒரே அறிக்கையில் கணக்கை இரண்டு முறை அச்சிடும். ஒன்று அந்தக் கம்பெனிக்கு மட்டும், இன்னொன்று அதன் கிளைக் கம்பெனிகளையும் சேர்த்து. இந்த வருடத்து விற்பனையைத் தனிக் கணக்கிலிருந்தும் பாக்கியை, கிளைகளையும் சேர்த்த கணக்கிலிருந்தும் எடுத்து வைத்திருந்தேன். போன வருடத்துக்கு இரண்டையும் தனிக் கணக்கிலிருந்தே எடுத்திருந்தேன். பாக்கி ஏறாமல் என்ன செய்யும்?

பிள்ளையார்பாளையத்துப் பெண் எனக்குமுன் கலங்கிவிட்டாள். "சாரிக்கா. பக்க நம்பர் நான்தான் சொன்னேன்."

"எழுதினது நான்தானேமா" என்றேன். அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்து வந்தேன்.

வீட்டில் என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். தட்டைப் போட்டார். சாப்பிட்டு முடித்ததும் "இப்ப இன்னா, மொத்தமும் வேஸ்ட்டா?" என்றார்.

"மொத்தமும் திரும்பப் போடணும்."

"அப்ப போடு" என்றார், பாத்திரத்தை எடுத்துக்கொண்டே.

திரும்பப் போட்டேன். இந்த முறை ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் பக்க எண்ணை எழுதிவைத்தேன். சரியாகப் போட்டதும் நான் கண்டுபிடித்த மர்மம் காணாமல் போய்விட்டது. பாக்கி விற்பனையோடு ஒட்டித்தான் வளர்ந்திருந்தது. கம்பெனி ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. ஆனால் சரக்கிருப்பு மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது. விற்காமல் தேங்குகிறதோ என்று மறுபடி சந்தேகம் வந்தது. இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை. நேராகப் பிள்ளையார்பாளையம் போய் அந்தப் பெண்ணிடம் மட்டும் காட்டினேன்.

அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். எங்களுக்கு எதிரே சுவரில் ஓர் அலமாரி. அதில் பட்டு நூலும் ஜரிகையும் அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாக அடுக்கியிருந்தன. "இன்னாப்பா இவ்ளோ ஜரிக?" என்று அவள் கேட்டாள்.

"வெல ஏறிக்கினே போவுது. அதான் முன்னாடியே வாங்கிப் போட்டேன்" என்றார் அவள் அப்பா.

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "அக்கா, ஜரிக அடுக்கி வெச்சிருந்தா ஒண்ணு. நெய்ஞ்ச புடவை விக்காம அடுக்கி வெச்சிருந்தா வேறதானே? இவங்களோடது எது? குக்கரா, அலுமினியமா?"

குறிப்புகள் இருக்கும் பகுதியைப் புரட்டினோம். சரக்கிருப்பு அங்கே பிரித்துப் போட்டிருந்தது. செய்து முடித்த குக்கர் முந்தைய வருடத்தைவிடக் குறைவாக இருந்தது. கூடியிருந்தது மூலப்பொருள்தான். இயக்குநர்களின் அறிக்கையில் அலுமினிய விலை ஏறுவதைப் பற்றி ஒரு பத்தி இருந்ததை அவள் வாசித்துச் சொன்னாள். பக்க எண்ணைக் குறித்துக்கொண்டேன். ஒரு தாளில் உள்ள எண்ணை இன்னொரு தாளில் உள்ள எண் விளக்குகிறது, இரண்டையும் எழுத்தில் உள்ள ஒரு பத்தி உறுதிப்படுத்துகிறது. முதல் முறையாக ஒரு கம்பெனி என்னிடம் பேசியது போல் இருந்தது. அவள் அப்பா "இன்னா ஆச்சு ரெண்டு பேருக்கும்?" என்று கேட்கிற அளவுக்கு நாங்கள் சிரித்தோம்.

அடுத்த கவலை, பேசுவது. ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்து, கணவர் முன்னால் நின்று பேசிக் காட்டினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "நீ பேசற மாதிரியே இல்ல. யாரோ ஒருத்தங்க வந்து பேசற மாதிரி இருக்குது" என்றார். மகளும் தலையாட்டினாள். அந்த ஞாயிறு ஆசிரியையிடம் தமிழில் பேசலாமா என்று கேட்டேன்.

"பரீட்சையே தமிழ்ல எழுதலாம். பேசறதுக்கு என்ன? ஆனா வர்றவரு எப்படி எடுத்துப்பாருன்னு எனக்குத் தெரியாதுக்கா. யாரும் இதுவரைக்கும் பேசினதில்ல."

"நான் பேசறேன் மேடம்" என்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை.

செமினாரும் வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவைத் திருவிழாவும் ஒரே நாளில் வந்து தொலைத்தன. ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஸ்பைரல் போட்ட அறிக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தேன். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜனம் எதிரும் புதிருமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பந்தலில் வலுக்கட்டாயமாக ஒரு தம்ளர் மோரைக் கையில் திணித்தார்கள். குடித்துவிட்டு ஓடினேன். கல்லூரியை அடைந்தபோது புடவைக் கொசுவமெல்லாம் மண். பிள்ளையார்பாளையத்துப் பெண் வாசலிலேயே நின்றிருந்தாள். குனிந்து என் கொசுவத்தைத் தட்டிச் சரிசெய்து உள்ளே அனுப்பினாள்.

தேர்வாளர் ஓய்வு பெற்ற பேராசிரியர். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். என் முறை வந்ததும் "ஐயா, நான் தமிழில் பேசுகிறேன்" என்றேன். அவர் ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை தலையசைத்தார். "சரி, தொடங்குங்க" என்றார்.

நான் என் தப்பிலிருந்தே தொடங்கினேன். முதலில் இந்தக் கம்பெனி காசு வராமல் தவிக்கிறது என்று நினைத்தேன், ஏன் அப்படி நினைத்தேன், எந்தப் பக்கத்து எண்ணை எந்தப் பக்கத்து எண்ணோடு சேர்த்தேன் என்று பலகையில் எழுதிக் காட்டினேன். பிறகு சரியான எண்களை எழுதினேன். வரவேண்டிய பாக்கி, சரக்கிருப்பு, தேய்மானம், பணப் போக்கு. அலுவலகத்தில் தினமும் வாயில் புழங்கும் சொற்களும் பாடப் புத்தகத்துச் சொற்களும் கலந்துதான் வந்தன. ஆனால் ஓர் இடத்திலும் நான் திக்கவில்லை. வகுப்பில் பேச்சுச் சத்தம் நின்று போனதை நான் பாதியில்தான் கவனித்தேன்.

முடித்ததும் பாங்கு அதிகாரி கையைத் தூக்கினார். "சரக்கிருப்பு ஏறியிருக்குன்னு நீங்களே போட்டிருக்கீங்க. விற்பனை அந்த அளவுக்கு ஏறல. எங்ககிட்ட லோனுக்கு வந்தா நாங்க இதத்தான் மொதல்ல கேப்போம். கம்பெனி நல்லா இருக்குன்னு எப்படி சொல்றீங்க?"

அது நியாயமான கேள்வி. நான் அந்தக் கேள்வியைத்தான் பல நாளாக என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், எந்த சரக்குன்னு பாக்கணுங்க. செஞ்சு வெச்ச குக்கர் தேங்கியிருந்தா நீங்க சொல்றது சரி. இங்க குக்கர் கொறஞ்சிருக்குது. ஏறினது அலுமினியம். வெல ஏறப் போவுதுன்னு முன்கூட்டி வாங்கியிருக்காங்க. பக்கத்தோட சொல்றேன், பாருங்க."

பக்க எண்ணைச் சொன்னேன். அவர் தன் போனில் அந்த அறிக்கையைத் திறந்து தேடினார். வகுப்பே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து, "ஆமாங்க. சரிதான்" என்று உட்கார்ந்தார்.

தேர்வாளர் பேனாவை மூடினார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இவ்வளவு பாத்துட்டீங்களே, இந்தக் கம்பெனி பங்க நீங்க வாங்குவீங்களா?"

"கம்பெனி நல்லா இருக்குதுங்க ஐயா. ஆனா பங்கு வெல அதோட தகுதிக்கு ஏத்த மாதிரி இருக்குதா, மேல போயிருக்குதான்னு நான் இன்னும் பாக்கல. பாக்காம வாங்க மாட்டேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வகுப்பைப் பார்த்துச் சொன்னார்: "நான் வேலையில இருந்த காலமெல்லாம் இந்தப் பாடத்த நடத்தியிருக்கேன். தமிழ்ல முழுசா கேக்கறது இதுதான் முதல் தடவ. எல்லாமே புரிஞ்சுது." என்னைப் பார்த்து, "உக்காருங்கம்மா, நல்லா செஞ்சீங்க" என்றார்.

நான் என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளை அழுத்திப் பிடித்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் இரண்டு பேருமே அழுதிருப்போம்.

வெளியில் வந்தபோது பாங்கு அதிகாரி எனக்காகக் காத்திருந்தார். "மேடம், நீங்க போட்ட ஷீட்டோட ஒரு காப்பி கிடைக்குமா? தனிக் கணக்கு, சேந்த கணக்கு விஷயத்துல நானும் ஒரு எடத்துல குழப்பிட்டேனோன்னு சந்தேகமா இருக்கு" என்றார். அங்கேயே நின்று இரண்டு பேருமாக அவருடைய தாளைச் சரிபார்த்தோம். அவர் குழப்பியிருக்கவில்லை. அதைச் சொன்னதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

தேர்வு முடிவு வந்தபோது அந்தப் பாடத்தில் எங்கள் மையத்திலேயே நான்தான் முதல். அலுவலகத்தில் இருந்தேன். அம்மாவுக்கு போன் செய்தேன்.

"எத்தினி பேரு எழுதினாங்க?" என்று கேட்டாள்.

"வகுப்பு பூரா எழுதினாங்கமா."

"அதுல நீ எத்தினியாவது?"

"மொத ஆளுமா."

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். பக்கத்தில் இருந்த அப்பாவிடம் அவள் சத்தமாகச் சொல்வது கேட்டது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அவருக்காக அவள் மறுபடியும் சொன்னாள், இன்னும் சத்தமாக. எதிர்வீட்டுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஆடிட்டர் அன்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். மறுநாள் பாங்குக்குப் போக வேண்டிய ஒரு ஃபைலை என் மேசையில் வைத்து, "கணக்கு மட்டும் இல்லமா, பக்கத்துல விளக்கமும் நீயே எழுது. நான் பாத்துக் கையெழுத்துப் போடறேன்" என்றார். எழுதினேன். நிறையத் திருத்தினார். அடுத்ததில் குறைவாகத் திருத்தினார். சில மாதங்கள் கழித்து, திருத்தம் எதுவும் இல்லாமல் ஒரு ஃபைல் போனது. அந்த வாரமே அவர் அறைக்குள் போய் சம்பள உயர்வு கேட்டேன். முன்பெல்லாம் அவராகக் கொடுத்தால்தான் உண்டு. இந்த முறை நானே கேட்டேன், கிடைத்தது.

போன மாதம் ஆசிரியை கூப்பிட்டார். புது வகுப்புக்குப் பணப் போக்கு அறிக்கையைத் தமிழில் ஒரு மணி நேரம் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போல வேலைக்குப் போய்க்கொண்டு படிக்கிறவர்கள், பிள்ளை பெற்றவர்கள். நான் போய்ப் பேசினேன். ஒரு மணி நேரம் என்றது நீண்டுவிட்டது. வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு வந்து கதவருகே நின்ற பிறகும் இரண்டு பெண்கள் பலகையைக் காட்டி எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் விட்டார். என் கையிலும் முந்தானையிலும் சாக்பீஸ் பொடி.

தாமல் பஸ்ஸில் நல்ல கூட்டம். உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர்வரை நின்றேதான் வந்தேன். அன்று எனக்கு உட்கார வேண்டும் என்றே தோன்றவில்லை.